கலப்பு வாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் பல்லேடியம் சவ்வு: நடைமுறையில் எங்கே நிற்கிறது?

குழாய்வழி எழுதியது:

வணக்கம். நகர எரிவாயு விநியோகத்தில் வேலை பார்க்கிறேன். இயற்கை எரிவாயுவில் ஹைட்ரஜனைக் கலந்து அனுப்பும் பேச்சு எங்கள் துறையில் இப்போது அடிக்கடி வருகிறது. சூரத் பக்கம் கவாஸில் மின் உற்பத்தி நிறுவனமான என்.டி.பி.சி. 2023 ஜனவரியில் தன் குடியிருப்பின் குழாயிலேயே கலந்து அனுப்ப ஆரம்பித்தது. இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழக வளாகத்தில் 20 சதவீதம் வரை கலந்து பார்த்துவிட்டார்கள். இதையொட்டி ஒரு யோசனை கூட்டத்துக்குக் கூட்டம் வருகிறது: குழாயின் கடைசியில் ஒரு பல்லேடியம் சவ்வை வைத்து ஹைட்ரஜனை மட்டும் இழுத்து, எரிமின்கலப் பேருந்துகளுக்குக் கொடுத்தால் என்ன?

பல்லேடியம் ஹைட்ரஜனைத் தவிர வேறெந்த வாயுவையும் விடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மையென்றால் உலகம் முழுக்க ஏன் இன்னும் பி.எஸ்.ஏ. (அழுத்தத்தை ஏற்றி இறக்கி, வேண்டாத வாயுக்களை உறிஞ்சுபொருளில் பிடித்துப் பிரிக்கும் முறை) கோபுரங்களையே கட்டிக்கொண்டிருக்கிறார்கள்? பல்லேடியத்தின் விலை மட்டும்தான் காரணமா, வேறு ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நான் ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கம் பாலிஎதிலீன் கிளைக் குழாயில் 4 பார் கேஜ் (அதாவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 4 பார்), எஃகுத் தலைமைக் குழாயில் 24 பார் கேஜ் வரை கிடைக்கும்.

பழைய_ரிஃபார்மர் எழுதியது:

நல்ல கேள்வி. உர ஆலையின் ஹைட்ரஜன் பிரிவில் பல காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியது அழுத்தம்.

சவ்வு தானாக எதையும் இழுக்காது. இந்தப் பக்கத்து ஹைட்ரஜனின் பகுதி அழுத்தம் அந்தப் பக்கத்து ஹைட்ரஜனின் அழுத்தத்தைவிட அதிகமாக இருந்தால்தான் ஓட்டம் நடக்கும். மொத்த அழுத்தம் எவ்வளவு என்பது பல்லேடியத்துக்குத் தெரியவே தெரியாது, மீத்தேன் எத்தனை பார் தள்ளினாலும் அதற்கு ஒன்றுமில்லை. இப்போது உங்கள் எண்களையே எடுப்போம். கிளைக் குழாயில் 4 பார் கேஜ் என்றால் முழு அழுத்தம் 5 பார். அதில் 20 சதவீதம் ஹைட்ரஜன் என்றால் பகுதி அழுத்தம் சரியாக 1 பார். மறுபக்கம் சுத்த ஹைட்ரஜன் வளிமண்டல அழுத்தத்தில் வெளியே வரவேண்டும், அதுவும் 1 பார். இரண்டு பக்கமும் சமம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சவ்வாக இருந்தாலும் ஒரு லிட்டர்கூட வராது.

கவாஸ் மாதிரி 5, 8 சதவீதம் என்றால் இன்னும் மோசம், மறுபக்கத்தில் வெற்றிடப் பம்பு போட்டாக வேண்டும்.

தலைமைக் குழாயில் கதை மாறும். 25 பார் முழு அழுத்தம், 20 சதவீதம், ஆக 5 பார் பகுதி அழுத்தம். ஓட்டம் இருக்கும். ஆனால் ஹைட்ரஜன் வெளியேற வெளியேற மிச்ச வாயுவில் அதன் பங்கு குறைந்துகொண்டே போகும் இல்லையா, அது 4 சதவீதத்துக்கு இறங்கும்போது பகுதி அழுத்தம் 1 பார் ஆகிவிடும், அங்கே ஓட்டம் நின்றுவிடும். கணக்குப் போட்டால் உள்ளே வந்த ஹைட்ரஜனில் 83 சதவீதம்தான் உச்சபட்சம், அதுவும் எல்லையில்லாப் பரப்பளவு வைத்தால். 6 சதவீதம் மிச்சம் விடலாம் என்று ஒத்துக்கொண்டால் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு கையில் வரும்.

வந்த ஹைட்ரஜன் 1 பாரில் வரும், பேருந்துத் தொட்டி 350 பார். அந்த கம்ப்ரசரின் விலையையும் மின்கட்டணத்தையும் குறிப்பில் சேர்க்காமல் விட்டால் உங்கள் குறிப்புக்கு அர்த்தமே இல்லை. பி.எஸ்.ஏ.-யில் சுத்தமான ஹைட்ரஜன் உள்ளே வந்த அழுத்தத்திலேயே, சொற்ப இழப்போடு வெளியே வரும். கழிவு வாயுதான் தாழ்ந்த அழுத்தத்தில் போகும். ஆலைகள் பி.எஸ்.ஏ.-யை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு முதல் காரணமே இதுதான் என்பேன்.

மூன்றாமாண்டு எழுதியது:

ஐயா, நான் வேதிப்பொறியியல் படிக்கிறேன். பாலிமர் சவ்வுக்கு ஓட்டம் அழுத்த வித்தியாசத்துக்கு நேர்விகிதம் என்று படித்தோம். பல்லேடியத்துக்கு மட்டும் அழுத்தத்தின் வர்க்கமூலம் வருகிறது, ஏன்? அப்புறம் உலோகம் என்பது இறுக்கமான பொருள்தானே, ஹைட்ரஜன் எப்படித்தான் அதன் வழியாகப் போகிறது?

தாழை எழுதியது:

தம்பி, உன் இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. பல்லேடியத்தில் துளை கிடையாது, ஹைட்ரஜன் மூலக்கூறாக அதன் வழியே போவதும் இல்லை. சூடான பரப்பில் வந்து ஒட்டும் மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிளக்கிறது. அந்த அணுக்கள் பல்லேடியம் படிகத்தின் இடைவெளிகளில் நுழைந்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித்தாவி மறுபக்கம் வந்து, அங்கே ஜோடி சேர்ந்து மறுபடி மூலக்கூறாகி வெளியேறுகின்றன. நைட்ரஜனும் மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் இப்படி உலோகத்தில் கரையாது, அதனால்தான் ஓட்டையில்லாத சவ்வில் அவை வரவே வராது.

ஒரு மூலக்கூறு இரண்டு அணுவாகக் கரைவதால், சமநிலையில் கரைந்த அணுக்களின் செறிவு அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இருக்கும். சீவர்ட்ஸ் விதி என்று பாடப்புத்தகத்தில் பார்த்திருப்பாய். ஓட்டம் அந்தச் செறிவு வித்தியாசத்தைப் பொறுத்தது, ஆக வர்க்கமூலங்களின் வித்தியாசம் வருகிறது. ஒரு எச்சரிக்கை: சவ்வு மிக மெல்லியதாகும்போது பரப்பில் பிளப்பதும் சேர்வதும், தாங்கும் துளைப்பொருளின் தடையும் முன்னுக்கு வரும், அப்போது இந்த 0.5 அடுக்கு (வர்க்கமூலம் என்பது அதுதான்) மேலே நகரும். வெளியாகும் ஆய்வுக்கட்டுரைகளில் 0.6, 0.7 என்று பார்த்தால் குழம்ப வேண்டாம்.

இது புதிய சங்கதி ஒன்றும் இல்லை. தாமஸ் கிரஹாம் 1866-லேயே பல்லேடியம் தன் கனஅளவைப் போல பல நூறு மடங்கு ஹைட்ரஜனை உறிஞ்சுவதையும், சூடான பல்லேடியம் வழியே அது கடந்துபோவதையும் எழுதிவிட்டார்.

குழாய்வழி, உங்களுக்காக ஒரு இலட்சியக் கணக்கு. 400 டிகிரி செல்சியஸில் 5 மைக்ரான் சவ்வு, உங்கள் 25 பார் தலைமைக் குழாய், 6 சதவீதம் மிச்சம் விடுகிறோம் என்றால், ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 4 கிலோ ஹைட்ரஜன் பக்கம் வரும். நிஜத்தில் இது கணிசமாகக் குறையும், ஏனென்றால் சவ்வை ஒட்டிய வாயுப்படலத்தில் ஹைட்ரஜன் வற்றிப்போய் மீத்தேன் குவிந்துவிடும். ஹைட்ரஜன் குறைந்த கலவைகளில் இந்தத் தொல்லைதான் பெரிது. உலோகத்தைவிட அந்த வாயுப்படலமே அதிகத் தடையாக நிற்கும். சவ்வை இன்னும் மெல்லியதாக்கி அதைத் தீர்க்க முடியாது, ஓட்டத்தைக் கலக்க வேண்டும், குழாய்களுக்கு இடைவெளியைக் குறுக்க வேண்டும்.

மூன்றாமாண்டு எழுதியது:

நன்றி அக்கா. அப்படியென்றால் 400 டிகிரி எதற்கு? கிரஹாம் சொன்ன உறிஞ்சல் சாதாரண வெப்பநிலையிலேயே நடக்குமே.

தாழை எழுதியது:

நடக்கும், அதுதான் ஆபத்து. சுமார் 295 டிகிரிக்குக் கீழே சுத்தப் பல்லேடியம் ஹைட்ரஜனை அளவுக்குமீறி வாங்கி வேறொரு நிலைக்கு, பீட்டா ஹைட்ரைடுக்கு மாறுகிறது. அப்போது படிகத்தின் கனஅளவு பத்து சதவீதத்துக்கு மேல் வீங்கும். ஒரு பகுதி வீங்கி ஒரு பகுதி வீங்காமல் இருந்தால் சவ்வு சுருங்கி, நெளிந்து, வெடிப்பு விட்டுவிடும். இரண்டு மூன்று முறை ஹைட்ரஜனோடு சூடாக்கிக் குளிரவைத்தாலே போதும், தகடு பாழ்.

ஆகவே இந்தத் துறையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் விதி: குளிரவைப்பதற்கு முன் ஹைட்ரஜனை வெளியேற்று, நைட்ரஜன் விடு, அப்புறம்தான் சூட்டை இறக்கு. நான் இருந்த ஒரு ஆய்வகத்தில் இரவில் மின்சாரம் போய் அடுப்பு அணைந்தது, வால்வு மூடியபடி ஹைட்ரஜன் உள்ளேயே நின்றது. காலையில் பார்த்தால் 25 மைக்ரான் தகடு அப்பளமாகச் சுருண்டிருந்தது. மின்சாரம் போனால் தானாகத் திறந்து நைட்ரஜன் விடும் வால்வு இல்லாத எந்த அமைப்பையும் ஆலையில் வைக்க ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இதற்காகத்தான் வெள்ளி சேர்த்தார்கள். 1950களில் அட்லாண்டிக் ரிஃபைனிங் நிறுவனத்தின் ஜேம்ஸ் ஹன்டர் பல்லேடியம்–வெள்ளிக் கலவையைக் கொண்டுவந்தார். எடையில் 23 முதல் 25 சதவீதம் வெள்ளி கலந்தால் அந்த நிலைமாற்றம் அறை வெப்பநிலைப் பக்கம் இறங்கிவிடுகிறது, ஹைட்ரஜன் ஓட்டமும் சுத்தப் பல்லேடியத்தைவிடச் சுமார் 1.7 மடங்கு ஆகிறது. இன்றுவரை கடையில் கிடைக்கும் சுத்திகரிப்புக் கருவிகளில் பெரும்பாலும் இந்தக் கலவைதான்.

மேலே போகவும் வரம்பு உண்டு. 550, 600 டிகிரியைத் தாண்டினால் மெல்லிய படலத்தில் தானாகவே நுண்துளைகள் விழ ஆரம்பிக்கும். நிதானமாக வேலை செய்ய 350 முதல் 500 வரை என்று வைத்துக்கொள்.

பழைய_ரிஃபார்மர் எழுதியது:

தாழை மேடம் சொன்னதோடு சேர்த்து ஒன்று. 1960களில் யூனியன் கார்பைடு இதே பல்லேடியம்–வெள்ளித் தகட்டை, 25 மைக்ரான் கனத்தில், சுத்திகரிப்பு ஆலைக் கழிவு வாயுவில் பெரிய அளவில் ஓட்டிப் பார்த்தது. 99.9 சதவீதத் தூய்மை ஒரே கடப்பில் கிடைத்தது. ஆனாலும் அந்த வழி பரவவில்லை. பின்னால் 1980 வாக்கில் மான்சாண்டோ பாலிசல்ஃபோன் இழைகளைக் கொண்டு ப்ரிசம் சவ்வை அம்மோனியா ஆலைகளின் வெளியேற்று வாயுவுக்குக் கொண்டுவந்தபோது அது மளமளவென்று பரவியது. சாதாரண வெப்பநிலையில் ஓடும், மலிவு, 95 சதவீதம் சொச்சம் தூய்மை போதும் என்ற இடம், ஏனென்றால் அந்த ஹைட்ரஜன் திரும்ப அம்மோனியா உலைக்கே போகிறது. தேவைக்கு மேல் தூய்மைக்குக் காசு கொடுக்க எந்த ஆலையும் தயாராக இல்லை. குழாய்வழி, உங்கள் முடிவையும் இந்தக் கோணத்தில் யோசியுங்கள்.

குழாய்வழி எழுதியது:

இருவருக்கும் நன்றி, கிளைக் குழாய் யோசனை இப்போதே அடிபட்டுப் போய்விட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். தலைமைக் குழாயைப் பற்றி இன்னொரு சந்தேகம். நகர வாயுவில் கசிவு தெரிவதற்காக மெர்காப்டன் வாசனைப்பொருள் சேர்க்கிறோம். அது கந்தகச் சேர்மம். பல்லேடியத்துக்குக் கந்தகம் ஆகாது என்கிறார்களே, அது எவ்வளவு தீவிரம்?

தாழை எழுதியது:

ரொம்பத் தீவிரம். ஹைட்ரஜன் பிளப்பது பரப்பில்தான் என்று சொன்னேன் இல்லையா, கந்தகம் வந்து அந்தப் பரப்பில் உட்கார்ந்துவிடும். முதலில் ஓட்டம் விழும். அளவு கூடினால் பல்லேடியம் சல்ஃபைடு என்ற வேறு பொருளாகவே மாறும், அதன் கனஅளவு வேறு, சவ்வு விரிசல் விட்டு ஓட்டையாகும். பரப்பில் ஒட்டியதைச் சுத்த ஹைட்ரஜன் விட்டு ஓரளவு மீட்கலாம், சல்ஃபைடாக மாறியதை மீட்க முடியாது.

இதற்கு எதிர்ப்பாக இரண்டு கலவைகள் உண்டு. ஒன்று தாமிரம் 40 சதவீதம் சேர்த்தது. தாமிரக் கலவையில் ஒரு விசித்திரம்: 60–40 என்ற அந்தக் குறிப்பிட்ட விகிதத்தின் பக்கத்தில் படிக அமைப்பே மாறி ஓட்டம் திடீரென்று உயரும், விகிதம் சில சதவீதம் தவறினால் சடாரென்று விழும். பூச்சு போடுகிறவர்களுக்குப் பெரிய தலைவலி இது. அதிலும் கந்தகத்தை நன்றாகத் தாங்குவது ஓட்டம் குறைந்த அந்த இன்னொரு படிக அமைப்புதான், ஓட்டம் நிறைந்தது அவ்வளவு தாங்காது. இன்னொன்று தங்கம் சேர்த்தது, அது ஓட்டத்தை அதிகம் இழக்காமல் கந்தகத்தைத் தாங்குகிறது, விலையைத்தான் பார்க்க வேண்டும். எந்தக் கலவையாக இருந்தாலும் தாங்கும் என்பதற்குச் "சாகத் தாமதமாகும்" என்றுதான் பொருள் கொள்ள வேண்டும்.

பழைய_ரிஃபார்மர் எழுதியது:

கந்தகம் எடுப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஒவ்வொரு ரிஃபார்மருக்கும் (மீத்தேனை நீராவியோடு வினைபுரியவைத்து ஹைட்ரஜன் எடுக்கும் உலை) முன்னால் தினமும் செய்வதுதான். கோபால்ட்–மாலிப்டினம் வினையூக்கியில் மெர்காப்டனை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றி, அப்புறம் துத்தநாக ஆக்சைடு படுகையில் பிடித்துவிடலாம். அதற்குத் தேவையான ஹைட்ரஜன் உங்கள் கலவையிலேயே இருக்கிறது. ஆனால் வரும் வாயு முழுவதையும் 350 டிகிரிக்குச் சூடாக்கியாக வேண்டும். அதில் ஐந்தில் நான்கு பங்கு உங்களுக்கு வேண்டாத மீத்தேன். வெப்பப் பரிமாற்றி வைத்து முக்கால்வாசி சூட்டைத் திரும்பப் பிடிக்கலாம், முழுக்க முடியாது. இன்னொன்றும் யோசியுங்கள், கந்தகம் எடுத்த மிச்ச வாயுவைத் திரும்பக் குழாயில் விடும்போது வாசனையில்லாமல் போகும், மறுபடி மெர்காப்டன் சேர்க்க வேண்டும். வாசனை சேர்ப்பதற்கு முந்தைய இடத்தில், அதாவது நகரத்தின் நுழைவாயில் நிலையத்திலேயே பிரிப்பதுதான் புத்தி.

நெடுவழி எழுதியது:

பிரிஸ்பேனிலிருந்து எழுதுகிறேன். பேச்சு முழுக்கப் பல்லேடியத்திலேயே சுற்றுகிறது, வனேடியத்தை யாரும் தொடவில்லை. இங்கே ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. 2018 ஆகஸ்டில் அம்மோனியாவை உடைத்து வனேடியம் சவ்வு வழியாக ஹைட்ரஜனைப் பிரித்து, ஒரு டொயோட்டா மிராயிலும் ஒரு ஹூண்டாய் நெக்ஸோவிலும் நிரப்பி ஓட்டிக் காட்டினார்கள். வனேடியத்தின் உள்ளே ஹைட்ரஜன் பல்லேடியத்தைவிடப் பல மடங்கு வேகமாகப் போகும், உலோகமும் மலிவு. பரப்பில் ஆக்சைடு பிடித்துக்கொண்டு ஹைட்ரஜனைப் பிளக்க விடாது என்பதால் இரண்டு பக்கமும் மிக மெல்லிய பல்லேடியம் பூசுகிறார்கள். கனமான வேலையை வனேடியம் செய்யும், பல்லேடியம் கதவு மட்டும்.

அம்மோனியாதான் இதற்கு ஏற்ற மூலம் என்பது என் கருத்து. எடையில் 17.6 சதவீதம் ஹைட்ரஜன், −33 டிகிரியில் திரவமாகக் கப்பலில் போகும், உடைத்தால் வரும் வாயு நான்கில் மூன்று பங்கு ஹைட்ரஜன், ஒரு பங்கு நைட்ரஜன். பழைய_ரிஃபார்மர் சார் போட்ட கணக்கையே 10 பாரில் போட்டுப் பாருங்கள், 7.5 பார் பகுதி அழுத்தத்தில் ஆரம்பித்து 10 சதவீதம் மிச்சம் வரை போகலாம், 96 சதவீதம் வரை கிடைக்கும். கந்தகமும் இல்லை, கார்பன் மோனாக்சைடும் இல்லை. எரிமின்கலத்துக்கான ஐ.எஸ்.ஓ. 14687 தரம் அம்மோனியாவை 0.1 பி.பி.எம். (பி.பி.எம். என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தாண்ட விடாது, அந்த இடத்தில் உலோகச் சவ்வின் தூய்மைக்கு உண்மையான வேலை இருக்கிறது.

தாழை எழுதியது:

நெடுவழி அண்ணா, அம்மோனியா விஷயத்தில் முழுக்க உடன்படுகிறேன். வனேடியத்தில் இரண்டு சிக்கலையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. அது ஹைட்ரஜனை அளவுக்கு மேல் கரைத்துக்கொள்ளும், சூடு கொஞ்சம் இறங்கினாலும் நொறுங்கும், பல்லேடியம்–வெள்ளியைவிட இது மோசம். மறுபக்கம் 400 டிகிரியைத் தாண்டி நெடுநாள் வைத்தால் மேலே பூசிய பல்லேடியம் வனேடியத்துக்குள் கரைந்து போய்க்கொண்டே இருக்கும், ஓட்டம் மாதாமாதம் குறையும். நொறுங்கலும் கரைதலும் இரண்டு பக்கமும் நெருக்குவதால் பாதுகாப்பாக ஓட்டும் வெப்பநிலை இடைவெளி குறுகியது. அலுமினியம், நிக்கல் போன்றவற்றைச் சேர்த்துக் கரைதிறனைக் குறைக்கிறார்கள், குறைத்தால் ஓட்டமும் கொஞ்சம் குறையும். எனக்கு இந்தப் பாதையில் நம்பிக்கை உண்டு, ஆனால் இன்றைக்குக் கடையில் போய் வாங்கிவந்து மாட்டும் நிலையில் இல்லை.

மூன்றாமாண்டு எழுதியது:

அக்கா, 5 மைக்ரான் சவ்வு எப்படிச் செய்கிறார்கள்? அவ்வளவு மெல்லிய தகடு 10 பார் அழுத்தத்தை எப்படித் தாங்கும்?

தாழை எழுதியது:

தனியாகத் தாங்காது. துளையுள்ள அலுமினா பீங்கான் குழாய் அல்லது துளையுள்ள துருப்பிடிக்காத எஃகுக் குழாயின் மேல் பூசுவார்கள். பொதுவான வழி எலெக்ட்ரோலெஸ் பூச்சு. முதலில் பரப்பில் பல்லேடியத்தின் நுண்விதைகளைத் தூவி, அப்புறம் பல்லேடியம் உப்புக் கரைசலில் ஹைட்ரசீன் சேர்த்து, உலோகம் தானாகப் படியும்படி விடுவது. நார்வேயின் சின்டெஃப் நிறுவனம் வேறு வழியில் போனது, வழுவழுப்பான சிலிக்கான் தகட்டில் ஸ்பட்டரிங் (வெற்றிடத்தில் உலோக அணுக்களைச் சிதறவைத்துப் படியவிடும்) முறையில் 2 மைக்ரான் பக்கம் பல்லேடியம்–வெள்ளிப் படலம் போட்டு, அதை உரித்தெடுத்துத் துளைக்குழாயில் சுற்றுவார்கள்.

பீங்கானுக்கும் எஃகுக்கும் ஒவ்வொரு தொல்லை உண்டு. பீங்கான் பரப்பு வழுவழுப்பு, பூச்சு அழகாக வரும், ஆனால் அதை எஃகு உறையோடு இணைக்கும் இடத்தில் சீல் நிற்காது. எஃகு சூட்டில் விரிவது அலுமினாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், ஒவ்வொரு சூடாக்கலிலும் இணைப்பு கொஞ்சம் தளரும், கிராஃபைட் வளையம் போட்டு இறுக்கிப் பார்ப்பார்கள். எஃகுக் குழாயை வெல்டிங் செய்துவிடலாம், சீல் கவலை இல்லை, ஆனால் துளைகள் பெரிசும் சிறிசுமாக இருக்கும், அதை மூட அதிக பல்லேடியம் வேண்டும், போதாக்குறைக்கு எஃகிலிருந்து இரும்பு மேலேறிப் பல்லேடியத்தில் கலந்துவிடும். அதனால் நடுவில் ஒரு ஆக்சைடு தடுப்புப் படலம் போடுகிறார்கள். வெளியே தெரியும் தோல்விகளில் பாதிக்கு மேல் சீலிலும் இணைப்பிலும்தான் நடக்கிறது, உலோகத்தில் நடப்பது குறைவு என்பது என் அனுபவம்.

ஓட்டை விஷயத்தில் எவ்வளவு கறாராக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. ரிஃபார்மர் வாயுவில் 5 சதவீதம் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது என்று வை, அது 50,000 பி.பி.எம். வண்டிக்குப் போகும் ஹைட்ரஜனில் அது 0.2 பி.பி.எம். தாண்டக்கூடாது. இரண்டரை லட்சம் மடங்கு குறைக்க வேண்டும். நுண்துளை வழியாகக் கசியும் வாயு வர்க்கமூலக் கணக்கில் போகாது, அழுத்த வித்தியாசத்தோடு நேராக ஏறும். அதனால் தாழ்ந்த அழுத்தத்தில் பிரமாதமாகத் தேறிய சவ்வு 20 பாரில் தோற்கும். பரிசோதனை எளிது: ஒரு பக்கம் ஹீலியம் அல்லது நைட்ரஜனில் முழு அழுத்தம் கொடுத்து, மறுபக்கம் எவ்வளவு வருகிறது என்று சோப்புக்குமிழி அளவியில் பார்ப்பது. விற்பவர் 1 பாரில் அளந்த எண்ணைக் காட்டினால், ஓட்டப்போகும் அழுத்தத்தில் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

பழைய_ரிஃபார்மர் எழுதியது:

சவ்வுக்குப் பின்னால் ஒரு சின்ன மீத்தனேஷன் படுகை வைத்து, கசிந்த கார்பன் மோனாக்சைடை மீத்தேனாக மாற்றிவிடும் வழக்கமும் உண்டு. எரிமின்கலத்துக்குக் கார்பன் மோனாக்சைடு விஷம், கொஞ்சம் மீத்தேன் ஒன்றும் செய்யாது.

சவ்வு உலைகளைப் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன், நானே எழுதிவிடுகிறேன். இந்தத் தொழில்நுட்பத்தின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மீத்தேன் ரிஃபார்மிங்கை நாங்கள் 800, 900 டிகிரியில் ஓட்டினோம், ஏனென்றால் சமநிலை அதற்குக் கீழே ஒத்துழைக்காது. உருவாகும் ஹைட்ரஜனை அங்கேயே, உடனுக்குடன் சவ்வு வழியே எடுத்துக்கொண்டே இருந்தால் வினை முன்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும், 500 அல்லது 550 டிகிரியிலேயே அதே அளவு மாற்றம் கிடைக்கும். டோக்கியோ கேஸ் நிறுவனம் மணிக்கு 40 கனமீட்டர் தரும் இத்தகைய உலையை ஒரு ஹைட்ரஜன் நிரப்பு நிலையத்தில் ஓட்டிக் காட்டியது. இதில் மிச்சமாகும் வாயுவில் பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும்தான், அதுவும் உயர் அழுத்தத்திலேயே இருக்கும். நீராவியைக் குளிர்வித்து எடுத்துவிட்டால் கரியமில வாயுவைப் பிடிப்பது சுலபம். அழுத்தக் கணக்கில் நான் சவ்வைக் குறை சொன்ன அதே குணம் இங்கே சாதகமாகிறது: வேண்டாத வாயு அழுத்தத்தை இழக்காமல் நிற்கிறது.

தணல் எழுதியது:

இன்னொரு இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அணுக்கரு இணைவு ஆய்வில் ட்ரிட்டியம் கையாளும் ஆய்வகங்களில் பல்லேடியம்–வெள்ளிக் குழாய்கள் பல்லாண்டுகளாக ஓடுகின்றன. உலையிலிருந்து வெளியேறும் வாயுவில் எரியாத ட்ரிட்டியமும் டியூட்டீரியமும் ஹீலியத்தோடும் வேறு கழிவுகளோடும் கலந்து வரும். மூன்று ஹைட்ரஜன் ஐசோடோப்புகளும் பல்லேடியத்தைக் கடக்கும், ஹீலியம் கடக்காது. கதிரியக்கப் பொருளைக் கடைசித் துளிவரை பிடிக்க வேண்டிய இடத்தில் விலையை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ ட்ரிட்டியம் ஆய்வகத்தில் இதே குழாயோடு வினையூக்கியைச் சேர்த்து, மீத்தேனுக்குள்ளும் நீருக்குள்ளும் மாட்டிக்கொண்ட ட்ரிட்டியத்தைக்கூட வெளியே எடுக்கும் பெர்ம்கேட் என்ற முறையை வளர்த்தார்கள்.

எல்.இ.டி. சில்லுகள் வளர்க்கும் உலைகளும் அப்படித்தான். அங்கே தாங்கு வாயுவாகப் போகும் ஹைட்ரஜனில் ஆக்சிஜனோ ஈரமோ துளி இருந்தாலும் படிகம் கெடும், அதனால் ஒன்பது 9 (99.9999999 சதவீதம்) தூய்மைக்குப் பல்லேடியம் சுத்திகரிப்பான் வைக்கிறார்கள். உள்ளே போவதே 99.99-க்கு மேல் சுத்தமான ஹைட்ரஜன் என்பதைக் கவனியுங்கள், மேலே பேசிய பகுதி அழுத்தத் தொல்லை எதுவும் அங்கே கிடையாது.

குழாய்வழி எழுதியது:

ரொம்பப் பயனுள்ள விவரங்கள். விலையைப் பற்றி ஒருவரும் எண் சொல்லவில்லையே? மேலிடத்தில் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

தாழை எழுதியது:

பல்லேடியத்தின் அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு 12 கிராம். ஒரு சதுர மீட்டரில் 25 மைக்ரான் என்றால் 300 கிராம், 5 மைக்ரான் என்றால் 60 கிராம், அதாவது இரண்டு டிராய் அவுன்ஸுக்குச் சற்றுக் குறைவு. விலை 2022 மார்ச்சில் அவுன்ஸ் 3,000 டாலரைத் தாண்டியது, 2024-ல் 1,000 டாலர் பக்கம் வந்தது. ஆக 5 மைக்ரான் சவ்வின் சதுர மீட்டருக்கு உலோக விலை 2,000 டாலருக்குள்ளும் இருக்கலாம், 6,000-ஐத் தொடவும் செய்யலாம். இந்த ஆட்டத்துக்குக் காரணம் உலகப் பல்லேடியத்தில் பெரும்பகுதி ரஷ்யா, தென்னாப்பிரிக்கா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருவது. மெல்லியதாக்கினால் லாபம் இரட்டிப்பு, உலோகமும் பாதி, பரப்பும் பாதி போதும். சவ்வு ஆயுள் முடிந்தாலும் உலோகம் எங்கும் போய்விடாது, உருக்கி மீட்கலாம். உண்மையில் செலவு தாங்கும் குழாயிலும் இணைப்பிலும் உறையிலும் கட்டுப்பாட்டு அமைப்பிலும்தான் ஏறுகிறது. எத்தனை ஆண்டு நிற்கும் என்பதற்கு விற்பவர் எழுத்தில் உத்தரவாதம் தருவாரா என்று கேளுங்கள், பல்லேடியம் விலையைவிட அந்தப் பதில் உங்கள் கணக்கை அதிகம் மாற்றும்.

குழாய்வழி எழுதியது:

சரி, என் குறிப்பில் இப்படி எழுதப்போகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். கிளைக் குழாயில் சவ்வு வேண்டாம். பிரிப்பதாக இருந்தால் நுழைவாயில் நிலையத்தில், வாசனை சேர்ப்பதற்கு முன்னால். கம்ப்ரசர் செலவு தனி வரியாக. மாற்று வழி என்று எதைக் காட்டலாம்?

நெடுவழி எழுதியது:

ஜெர்மனியில் டோர்மாகனில் 2022-ல் லிண்டேயும் எவோனிக்கும் ஒரு மாதிரி ஆலையைத் தொடங்கினார்கள், அதைக் காட்டுங்கள். உங்கள் பிரச்சினையே அதுதான், இயற்கை எரிவாயுவில் 5 முதல் 60 சதவீதம் வரை கலந்த ஹைட்ரஜனைத் திரும்ப எடுப்பது. முதலில் பாலிமர் சவ்வு, அதில் 90 சதவீதம் வரை செறிவாகும், அப்புறம் பி.எஸ்.ஏ. மிச்சத்தை முடிக்கும். எதையும் 400 டிகிரிக்குச் சூடாக்க வேண்டாம்.

தாழை எழுதியது:

நானும் அதைத்தான் சொல்வேன், உலோகச் சவ்வில்தான் என் வேலை என்றாலும். குழாய்வழி, உங்கள் கலவையில் என்ன இல்லை என்று பாருங்கள்: கார்பன் மோனாக்சைடு இல்லை. கசிந்தால் மீத்தேன்தான் கசியும், வண்டிக்குத் தேவையான மொத்தத் தூய்மை 99.97 சதவீதம், அதைப் பி.எஸ்.ஏ. சுலபமாகத் தாண்டும். ஒன்பது 9 தூய்மை உங்கள் பேருந்துக்கு எந்தப் பயனும் தராது. கலந்து அனுப்பிய ஹைட்ரஜனைத் திரும்பப் பிரிக்கும் செலவு முழுவதையும் ஒரு பக்கமும், பேருந்து நிலையத்திலேயே மின்பகுப்புக் கருவி வைக்கும் செலவை இன்னொரு பக்கமும் போட்டு ஒரு அட்டவணை கேளுங்கள், அந்த ஒப்பீடு இல்லாமல் மேலிடம் முடிவெடுக்கக்கூடாது.

கந்தகத்துக்கு மட்டும் தனி வரி எழுதுங்கள். எந்த வழியில் பிரித்தாலும் ஐ.எஸ்.ஓ. 14687 மொத்தக் கந்தகத்தை 0.004 பி.பி.எம்.-க்குள் கேட்கிறது, அதைச் சாதாரண ஆய்வகக் கருவியில் அளக்கவே முடியாது. யார் அளந்து கையெழுத்துப் போடுவார்கள் என்பதை ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.